மேசைக் கணினியை டேப்லெட் விழுங்கிவிடுமா?

இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் குடும்பத்தில் ஒரு காதணி விழா. மொய் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எங்கள் பக்கம் இப்போது மொய்க்கு மடிக்கணினியும் சின்ன பிரிண்டரும் வைத்து உடனுக்குடன் ரசீது கொடுக்கிறார்கள். அதற்கென்று ஆள் பிடிப்பானேன், கையில்தான் புது டேப்லெட் இருக்கிறதே என்று நானே உட்கார்ந்துவிட்டேன்.

முதல் பத்துப் பேர் வரை சிக்கல் இல்லை. பிறகு பந்திக்குப் போகும் அவசரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். திரையில் விசைப்பலகை எழும்பியதும் பெயர்ப் பட்டியலில் பாதி மறைந்தது. 501 என்று அடிக்கப்போனேன். விரல் ஒரு வரிசை மேலே பட்டு, அங்கிருந்த யாரோ ஒருவரின் 1001 காணாமல் போனது. யாருடையது என்று தேடுவதற்குள் வரிசை பந்தல் கால் வரை நீண்டுவிட்டது. முன்னால் நின்ற பெரியவர் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “தம்பி, ஒரு நோட்டு வாங்கி வரச் சொல்லட்டுமா?” என்றார். மீதி மொய் முழுவதும் நாற்பது பக்க நோட்டில்தான் எழுதப்பட்டது.

இத்தனைக்கும் அந்த டேப்லெட் மட்டமானது இல்லை. என் வீட்டு மேசையில் கிடக்கும் பழைய கணினியைவிட அதன் பிராசசர் வேகமானது. பிராசசர் என்றால் கருவிக்குள் கணக்குப் போடும் சில்லு. கணினி செய்யும் வேலையெல்லாம் அடிப்படையில் அதன் கணக்குதான். அந்தச் சில்லு வேகமாக இருந்தும் வேலை ஓடவில்லை. “டேப்லெட் வந்துவிட்டது, இனி மேசைக் கணினி எதற்கு?” என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டித் தாவிவிடுகிறார்கள்.

இந்தப் பேச்சு எங்கே தொடங்கியது

2010 ஏப்ரலில் ஆப்பிளின் ஐபேட் என்ற டேப்லெட் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் ஒரு மேடையில் அந்த நிறுவனத்தின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் ஓர் உவமை சொன்னார். அமெரிக்கா விவசாய நாடாக இருந்த காலத்தில் ஓடிய வண்டியெல்லாம் சுமை வண்டிதான், ஏனென்றால் பண்ணைக்கு அதுதான் தேவைப்பட்டது. நகரங்கள் வளர வளர கார் வந்தது. கணினியும் இனி சுமை வண்டியைப் போல ஆகும் என்றார்.

இதைக் கேட்ட பாதிப் பேர், “கணினி ஒழிந்தது என்று ஜாப்ஸே சொல்லிவிட்டார்” என்று பரப்பினார்கள். அவர் சொன்னது வேறு. சுமை வண்டி இருக்கும், அதற்கு மதிப்பும் இருக்கும், ஆனால் அது தேவைப்படுகிறவர்கள் குறைவாக இருப்பார்கள் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருசக்கர வண்டி வந்துவிட்டது. அதற்காக நெல் மூட்டையை ஸ்கூட்டரில் ஏற்றி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு யாரும் கொண்டுபோவதில்லை.

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். மேசைக் கணினியை முதலில் ஓரம் கட்டியது டேப்லெட் இல்லை, மடிக்கணினி. ஐபேட் வருவதற்கு முன்பே, 2008-இன் மூன்றாம் காலாண்டில், உலக அளவில் மடிக்கணினி விற்பனை மேசைக் கணினி விற்பனையைத் தாண்டிவிட்டது. ஆகவே ‘மேசைக் கணினி’ என்று இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் பல விஷயங்கள் மடிக்கணினிக்கும் பொருந்தும். பெட்டி எங்கே இருக்கிறது என்பதைவிட, அதை எப்படி இயக்குகிறோம் என்பதே இங்கே பேச்சு.

ஒரே சில்லு, இரண்டு உடம்பு

“டேப்லெட்டுக்குச் சக்தி போதாது, அதனால்தான் அது கணினியாக முடியவில்லை” என்பது பரவலான நம்பிக்கை. ஒரு காலத்தில் அது உண்மை. முதல் ஐபேடில் இருந்த நினைவகம் 256 எம்பி மட்டுமே. இன்று அந்தப் பேச்சு எடுபடாது.

2021 ஏப்ரல் 20 அன்று ஆப்பிள் ஒரே நிகழ்ச்சியில் இரண்டு கருவிகளை அறிவித்தது. ஒன்று ஐபேட் புரோ. மற்றொன்று 24 அங்குல ஐமேக், மேசையில் வைக்கிற முழுக் கணினி. இரண்டுக்குள்ளும் இருந்தது எம்1 என்ற ஒரே வகைச் சில்லு. சக்திதான் வேறுபாடு என்றால் அன்றைக்கே ஐபேட் மேசைக் கணினியாகிவிட்டிருக்க வேண்டும். ஆகவில்லை. ஐமேக்கில் ஓடிய மென்பொருள்கள் பல ஐபேடில் ஓடவே இல்லை. ஐபேடுக்கான செயலிகளை எழுதப் பயன்படும் எக்ஸ்கோடு என்ற கருவியே ஐபேடில் கிடைக்கவில்லை. அதற்கு மேக் கணினிதான் வேண்டும். எளிய செயலிகளை ஐபேடிலேயே எழுத ஒரு சிறு கருவி பின்னால் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஆனால் முழுப் பட்டறை இன்னும் மேக்கில்தான் இருக்கிறது.

சில்லு ஒன்றாக இருந்தும் எங்கே பிரிகிறது? மூன்று இடங்களில்: வெப்பம், விரல், அனுமதி. முதலாவது எளிது, இரண்டாவதில்தான் நிறைய விஷயம் இருக்கிறது.

புகைபோக்கி இல்லாத அடுப்படி

பிராசசர் வாங்கும் மின்சாரம் எல்லாம் கடைசியில் வெப்பமாகிறது. ஒரு சாதாரண மேசைக் கணினியின் பிராசசர் 65 வாட் அளவுக்கு வடிவமைக்கப்பட்டிருக்கும். அந்தக் கால 60 வாட் குண்டு பல்பைத் தொட்டவர்களுக்கு அது எவ்வளவு சூடு என்று தெரியும். திரையில் படங்களைக் காட்டுவதற்கென்றே தனிப் பலகை (கிராபிக்ஸ் கார்டு) பொருத்திய கணினிகளில் சூடு இன்னும் ஏறும். ஆர்டிஎக்ஸ் 4090 என்ற பலகை தனியாக 450 வாட் எடுக்கக்கூடியது. இந்தச் சூட்டை வெளியே தள்ளுவதற்குத்தான் பெட்டிக்குள் விசிறி, உலோகத் தகடு, காற்றுத் துளை எல்லாம்.

டேப்லெட்டுக்குள் பொதுவாக விசிறி கிடையாது. 2024-இல் வந்த 13 அங்குல ஐபேட் புரோவின் தடிமன் 5.1 மில்லிமீட்டர். அதற்குள் விசிறிக்கு எங்கே இடம்? ஜன்னலும் புகைபோக்கியும் இல்லாத அடுப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தோசை வார்க்கலாம். கல்யாணச் சமையல் செய்யப் போனால், சமையல்காரரே வேர்த்துப்போய் அடுப்பைத் தணித்துவிடுவார். பிராசசரும் அப்படித்தான்: சூடு ஒரு அளவைத் தாண்டினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இதற்கு வெப்ப வேகக்குறைப்பு என்று பெயர்.

வேக ஒப்பீட்டுச் சோதனைகளில் டேப்லெட் கணினிக்குச் சமமாக நிற்பதைப் பார்த்து ஏமாறுவதும் இதனால்தான். பல சோதனைகள் ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். இரண்டு மணி நேரத் திருமண வீடியோவைத் தொகுத்து வெளியே எடுக்கும் வேலை அப்படி முடியாது. அதுவும் நம் ஊர் வெயிலில்! ஐபேடை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்தும்படி ஆப்பிள் சொல்கிறது. வேலூரிலும் மதுரையிலும் மே மாதத்தில் அந்த எல்லையைக் காலை பத்து, பதினொரு மணிக்கே தாண்டிவிடும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: டேப்லெட்டின் சில்லு பலவீனமானது இல்லை. குறைந்த நேரம் ஓடுவதில் அது கெட்டிக்காரன். நீண்ட நேரம் சுமை தூக்குவதற்கு வேண்டிய காற்றோட்டம் அந்த உடம்பில் இல்லை.

விரல் என்பது மழுங்கிய பேனா

இனி மொய்ப் பந்தலுக்குத் திரும்புவோம். என் விரல் ஏன் மேல் வரிசையில் பட்டது?

மவுஸ் அம்பின் நுனி திரையில் ஒரே ஒரு புள்ளி. விரல் நுனி கண்ணாடியில் படும்போது கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் பரப்பை மூடுகிறது. தொடவேண்டிய பொருளையே விரல் மறைத்துக்கொள்கிறது. குறி பார்ப்பவன் கண்ணைத் தானே பொத்திக்கொள்கிற மாதிரி. அதனால்தான் தொடுதிரைப் பொத்தான் குறைந்தது 44 அலகு இருக்க வேண்டும் என்று ஆப்பிள் செயலி எழுதுபவர்களுக்குச் சொல்கிறது. வழக்கமான அளவுள்ள ஐபேடில் அது எட்டரை மில்லிமீட்டர் வரும். எக்செல் அட்டவணையில் ஒரு வரிசையின் இயல்பான உயரம் ஐந்து மில்லிமீட்டர் சொச்சம். எட்டரை மில்லிமீட்டர் கேட்கும் விரலை ஐந்து மில்லிமீட்டர் சந்துக்குள் விட்டால் பக்கத்து வீட்டுக் கதவு இடிபடத்தான் செய்யும்.

சரி, எல்லாவற்றையும் பெரிதாக்கிவிட்டால்? பெரிதாக்கலாம். டேப்லெட் செயலிகள் அதைத்தான் செய்கின்றன. ஆனால் பொத்தான் பெரிதானால் ஒரே திரையில் வைக்கக்கூடிய பொத்தான்களின் எண்ணிக்கை குறையும். கணக்காளர் ஒரே பார்வையில் நாற்பது வரிசை பார்த்த இடத்தில் பதினைந்து, இருபதுதான் தெரியும். மீதியைத் தள்ளித் தள்ளித் தேட வேண்டும்.

மவுஸிடம் இன்னொரு சாமர்த்தியம் உண்டு. அழுத்தாமல் ஒரு பொருளின் மேல் அம்பைக் கொண்டுபோய் நிறுத்தலாம். உடனே “இது இன்ன பொத்தான்” என்று ஒரு சிறு குறிப்பு எட்டிப் பார்க்கும். விரலுக்குப் பெரும்பாலும் அந்த இடைநிலை கிடையாது, தொட்டால் தொட்டதுதான். கடையில் துணியைத் தடவிப் பார்க்காமல் நேராகப் பில் போடச் சொல்வது போன்றது அது.

அப்படியானால் மேசைக் கணினித் திரையையே தொடுதிரையாக்கிவிடலாமே என்று கேட்கலாம். அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். நிமிர்ந்து நிற்கும் திரையை அரை மணி நேரம் கை நீட்டித் தொட்டுக்கொண்டிருங்கள், தோள்பட்டை கழன்றுவிடும். 1980-களிலேயே இந்த வலிக்குக் ‘கொரில்லாக் கை’ என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். மவுஸ் பிடித்த கை மேசையிலேயே ஓய்வெடுக்கிறது. மணிக்கட்டு நாலு விரற்கடை நகர்ந்தால் அம்பு திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடுகிறது.

தட்டச்சுக்கு வந்தால் வித்தியாசம் இன்னும் கூர்மை. உங்கள் விசைப்பலகையில் எஃப், ஜே இரண்டு விசைகளையும் தடவிப் பாருங்கள். சிறு மேடு தட்டுப்படும். தமிழ்99 முறையில் அடிப்பவர்களுக்கு அவைதான் புள்ளியும் ‘ப’வும். வலப்பக்க எண் பலகையில் 5-இலும் அதே மேடு உண்டு. கண் திரையிலோ காகிதத்திலோ இருக்க, விரல் இந்த மேட்டைத் தடவித் தன் வீட்டைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. கண்ணாடியில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் கண் கீழே இறங்கி வர வேண்டும். மொய் எழுதுபவனின் கண் கவரிலும் கொடுப்பவர் முகத்திலும் இருக்க வேண்டியது. என் கண்ணோ கண்ணாடியோடு ஒட்டிக்கிடந்தது.

கீபோர்டை மாட்டிவிட்டால் தீர்ந்ததா?

பாதி தீரும். 2015-இல் வந்த முதல் ஐபேட் புரோவுக்கு விசைப்பலகை உறையும் பேனாவும் தனியாக விற்றார்கள். 2020 மார்ச்சில் ஐபேடில் மவுஸ் அம்பு முறையாக வேலை செய்யத் தொடங்கியது. 2025-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 26 கணினியைப் போல ஜன்னல் ஜன்னலாகத் திறந்து வைத்துக்கொள்ள விட்டது. சாம்சங் 2017 முதல் டெக்ஸ் என்ற வசதியைக் கொடுத்து, கைப்பேசியை மானிட்டரில் சொருகினால் மேசைக் கணினி முகம் காட்டும்படி செய்திருக்கிறது.

ஆனால் கவனியுங்கள். டேப்லெட், அதற்கொரு தாங்கி, ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ் என்று வாங்கி மேசையில் அடுக்கினால் என்ன கிடைக்கிறது? விலை கூடிய ஒரு மேசைக் கணினி! டேப்லெட் கணினியை வென்றதாக இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலைக்கு உட்கார்ந்ததும் அது கணினி வேடம் கட்டிக்கொண்டது என்றுதான் சொல்வேன்.

எதிர்த்திசையில் போய்க் கையைச் சுட்டுக்கொண்டது மைக்ரோசாஃப்ட். 2012 அக்டோபரில் வந்த விண்டோஸ் 8, மேசைக் கணினிக்கும் டேப்லெட்டின் முகத்தையே மாட்டியது. பழகிய ஸ்டார்ட் மெனு மறைந்து, திரை முழுக்கப் பெரிய பெரிய ஓடுகள் வந்து நின்றன. கணினியை அணைக்கும் பொத்தான் எங்கே என்று அலுவலகங்களில் ஆள் ஆளுக்குக் கேட்டுக்கொண்டார்கள். அதோடு வந்த சர்ஃபேஸ் ஆர்டி என்ற டேப்லெட், பார்க்க விண்டோஸ் மாதிரி இருந்தும் பழைய விண்டோஸ் மென்பொருள்களை ஏற்றுக்கொள்ளவில்லை. தேங்கிப்போன அந்தச் சரக்குக்காக 2013 ஜூலையில் நிறுவனம் 90 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. 2015-இல் விண்டோஸ் 10 ஸ்டார்ட் மெனுவோடு திரும்பி வந்தது.

சொந்த வீடும் லாட்ஜ் அறையும்

மூன்றாவது வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அது இயங்குதளத்தில் இருக்கிறது. கருவிக்கும் நாம் திறக்கும் செயலிகளுக்கும் நடுவே உட்கார்ந்து நிர்வாகம் பார்க்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். விண்டோஸ், ஆண்ட்ராய்டு, ஐபேட்ஓஎஸ் எல்லாம் அந்த வகை.

மேசைக் கணினி சொந்த வீடு மாதிரி. எந்த அறைக்குள்ளும் போகலாம், பரணில் ஏறலாம், கொல்லையில் கிணறு வெட்டலாம். ஒரு மென்பொருள் எழுதிய கோப்பை இன்னொன்று திறக்கும், மூன்றாவது திருத்தும். டேப்லெட் லாட்ஜ் மாதிரி. ஒவ்வொரு செயலிக்கும் ஒரு பூட்டிய அறை. பக்கத்து அறைக்காரரிடம் ஒரு பொருள் கொடுக்க வேண்டுமானால் மேலாளர் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். இந்தப் பூட்டிய அறை ஏற்பாட்டைச் சாண்ட்பாக்ஸ் என்கிறார்கள். நினைவகம் நெருக்கடியானால், பின்னணியில் தூங்கும் செயலியை எழுப்பாமலே அறையைக் காலி செய்துவிடவும் மேலாளருக்கு அதிகாரம் உண்டு. நீங்கள் பாதி நிரப்பிய படிவம் வேறு செயலிக்குப் போய்த் திரும்புவதற்குள் வெறுமையாகிப்போனது உண்டு அல்லவா? பெரும்பாலும் அதுதான் நடந்திருக்கும்.

இதைக் குறை என்று மட்டும் சொல்ல மாட்டேன். என் அம்மாவின் டேப்லெட்டில் இத்தனை வருடங்களில் ஒரு வைரஸும் புகுந்ததில்லை. அவர் கையில் மேசைக் கணினியைக் கொடுத்திருந்தால் வாரம் ஒரு முறை நான் பஸ் ஏறி ஊருக்குப் போயிருக்க வேண்டும். லாட்ஜில் தங்குகிறவருக்குக் கூரை ஒழுகினால் கவலை இல்லை. கிணறு வெட்ட ஆசைப்படுகிறவருக்குத்தான் அங்கே இடம் இல்லை.

பழுது பார்ப்பதிலும் இதே கதை. மேசைக் கணினியின் மின்வழங்கி போய்விட்டால் சென்னை ரிச்சி தெருவில் ஒன்று வாங்கி, நாலு திருகாணி கழற்றி மாட்டிக்கொள்ளலாம். நினைவகம் போதவில்லையென்றால் இன்னொரு பட்டையைச் சொருகலாம். டேப்லெட்டில் நினைவகம் பலகையோடு பற்றவைத்தது, பேட்டரி பசை போட்டு ஒட்டியது.

ஆக, சூடு தணிக்க இடமில்லாததால் நீண்ட நேரச் சுமை கஷ்டம். விரல் தடிமனானதால் நுணுக்கமான வேலை கஷ்டம். அறைகள் பூட்டியிருப்பதால் பல மென்பொருள்களைச் சேர்த்துச் செய்யும் வேலை கஷ்டம். முதலிரண்டும் இயற்பியலும் உடம்பும் போட்ட கட்டு. மூன்றாவது நிறுவனங்கள் தாங்களாகப் போட்டது. அது மட்டும்தான் ஒரு புதுப்பிப்பில் மாறக்கூடியது.

அப்படியானால் டேப்லெட் எதை விழுங்கியது?

காகிதத்தை. இதுதான் என் கட்சி.

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் வழிவரைபடங்களும் கையேடுகளும் அடைத்த சுமார் 16 கிலோ பையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறினார்கள். 2013-இல் அந்தப் பையின் இடத்தில் ஒரு ஐபேட் வந்து உட்கார்ந்தது. விமானி அறையில் அதற்கு முன் மேசைக் கணினி இருக்கவில்லை, இருந்தது காகிதம். ஓட்டலில் பரிமாறுபவர் கையில் இருந்த குறிப்புச் சீட்டு, வீடு வீடாகக் கணக்கெடுப்பவரின் அட்டை, ஓவியரின் வரைநோட்டு என்று டேப்லெட் நுழைந்த இடங்களை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் நின்றுகொண்டோ நடந்துகொண்டோ பார்க்கும் வேலைகள்.

வீட்டில் படம் பார்ப்பதும் செய்தி வாசிப்பதும் கணினியை விட்டுப் போனது உண்மைதான். ஆனால் அவற்றை அள்ளிக்கொண்டது பெரும்பாலும் கைப்பேசி. 2007-இல் மூன்றரை அங்குலமாக இருந்த ஐபோன் திரை ஆறு அங்குலம் தாண்டி வளர்ந்து, டேப்லெட்டின் வயிற்றிலும் சேர்த்தே அடித்தது. 2015-இலிருந்து சில ஆண்டுகள் டேப்லெட் விற்பனை சரிந்தது. 2020-இல் பள்ளிக்கூடம் வீட்டுக்கு வந்தபோதுதான் மறுபடி நிமிர்ந்தது.

எதைக் கேட்டு வாங்குவது?

2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு, கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கைக்கணினியோ (டேப்லெட்) மடிக்கணினியோ அவரவர் விருப்பப்படி தரப்படும் என்று அறிவித்தது. அன்று மாலையே அக்கா மகள் போன் செய்து, “மாமா, எதைக் கேட்கலாம்?” என்றாள்.

படிப்பு என்ன, வேலை என்ன என்றுதான் திருப்பிக் கேட்டேன். பாட நூல்களைத் திறந்து அடிக்கோடிட்டு, பேனாவால் படம் போட்டுப் படிக்கிறவளுக்கு டேப்லெட் அருமையான துணை. புரோகிராம் எழுதவோ, நூறு பக்க ஆய்வேட்டைத் தமிழில் அடித்து அடிக்குறிப்பு சேர்க்கவோ, கணக்கு மென்பொருள் பழகவோ வேண்டுமானால் மடிக்கணினி. வணிகவியல் படிக்கிறேன் என்றாள். பிறகு நான் பேச என்ன இருக்கிறது?

போன ஆவணியில் அவள் அண்ணனுக்குக் கல்யாணம். மொய் மேசையில் அவள் மடிக்கணினியோடு உட்கார்ந்து, எண் விசைகளைப் பார்க்காமலே தட்டிக்கொண்டிருந்தாள். என் டேப்லெட்டையும் கேட்டு வாங்கிக் கம்பி போட்டு இணைத்து, மொய் கொடுப்பவர் பக்கம் திருப்பி நிறுத்தியிருந்தாள். அவரவர் பெயரும் ஊரும் தொகையும் அதில் பெரிய எழுத்தில் தெரிந்தன. அதே பெரியவர் வந்து நின்றார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார். “இனிஷியல் தப்பு, ஆவன்னா இல்லை, அனா” என்றார். அவள் திருத்தினாள், டேப்லெட்டிலும் மாறியது.